வலப்பக்க நாற்காலி

முதலில் காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தம்பி. பெயர்களைப் பிறகு எழுதலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு, தை மாதம், காணும் பொங்கல். பிற்பகல் மூன்றரை மணி. திருச்சிராப்பள்ளி கன்டோன்மென்ட் மைதானம். அந்த நேரத்தில் வெயில் மேற்கிலிருந்து வரும். என் அப்பா கிழக்கே பார்த்து நின்றார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெயில் கண்ணில் அடித்ததால்தான் அவர் தவறினார் என்று பரிவோடு பேசியவர்களும் உண்டு. வெயில் அவருடைய முதுகில் இருந்தது. பரிவுக்காகக்கூடப் பொய் சொல்லக் கூடாது.

உட்காருங்கள். மின்விசிறியின் கீழே வேண்டாம், தாள்கள் பறக்கும். நான் இப்படிப் புத்தகத்தைப் போலப் பேசுகிறேன் என்று பலரும் சிரிப்பார்கள். நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்ற பழக்கம், இந்த எழுபத்தொன்பதாம் வயதில் மாறப்போவதில்லை. ஆனால் மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியேதான் சொல்வேன். அதில் ஒரு சொல்லும் பிசகாது. அப்படி வளர்க்கப்பட்டவள் நான்.

உங்கள் கையெழுத்துப் படியை இரண்டு முறை வாசித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். ஒற்றுப்பிழைகளைப் பென்சிலால் குறித்திருக்கிறேன், கோபிக்கக் கூடாது. "கேப்டன் ஆஷ்வெல்: படைவீரர், தூதர், தொழில்முறை சாராத விளையாட்டு வீரர்." ஆடுவதற்குக் காசு வாங்காதவர் என்று எழுதினால் எல்லோருக்கும் புரியுமே. இருக்கட்டும். அவருடைய போரும், காலில் பட்ட குண்டும், தூதராக இருந்த அங்காராவும், பெர்னும் எல்லாம் சரியாகவே இருக்கலாம். எனக்கு அவை தெரியாது. எனக்குத் தெரிந்தது நாற்பதாம் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி. "உள்ளூர் அம்பயர் ஒருவர் பாரபட்சமாக ஆஷ்வெல்லுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோதும், அவர் தாம் ஆட்டமிழந்ததை ஒப்புக்கொண்டு தாமே வெளியேறினார்."

அந்த உள்ளூர் அம்பயர் என் அப்பா. பெயர் ஞானப்பிரகாசம். அந்த வரி போக வேண்டும். அதற்காகத்தான் உங்களை வரச் சொன்னேன்.

பாரபட்சம் என்ற சொல்லை எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! அந்தச் சொல்லோடு எங்கள் வீட்டில் மூன்று பேர் பதினெட்டு ஆண்டு குடியிருந்தோம்.

அப்பா தந்தி ஆபீசில் சிக்னலர். இப்போது அந்த வேலையே இல்லை, எனவே சொல்கிறேன். மேசைமேல் பித்தளையில் சவுண்டர் என்று ஒரு சிறிய கருவி இருக்கும். கம்பி வழியே வரும் செய்தி அதில் கட்கட் என்று தட்டும். அந்தத் தட்டலைக் காதால் கேட்டு, அப்போதைக்கப்போதே எழுத்தாக எழுத வேண்டும். மரணச் செய்தி, பிறப்புச் செய்தி, பருத்தி விலை, எல்லாம் அந்தத் தட்டலில்தான் வரும். ஓர் எழுத்து பிசகினால் செத்தவர் பிழைத்துவிடுவார், பிழைத்தவர் செத்துவிடுவார் என்பார் அப்பா. அவருடைய பிரிவில் அவரைப்போலப் பிழையில்லாமல் வாங்குபவர் இல்லை என்று பெயர். மற்றவர்கள் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். அப்பா தலையைச் சாய்க்கமாட்டார். இடக்கையின் விரல் நுனிகளைக் கருவியின் அடிப்பலகைமேல் மெல்ல வைத்துக்கொள்வார், வீணைக்காரர் தந்தியைத் தொட்டுக்கொண்டிருப்பதைப் போல. வலக்கை எழுதிக்கொண்டே போகும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கருவிக்குப் பின்னால் ஒரு புகையிலை டப்பாவை வைத்திருப்பார், தட்டல் அதில் மோதி உரக்கக் கேட்க. மற்றவர்களும் வைத்திருந்தார்கள். அப்பாவுடையது கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

அந்த உத்தியோகத்தில் காதுதான் முதலீடு. அருளப்பன் என்று ஒருவர் இருந்தார், அப்பாவுக்கு மூத்தவர். காது மந்தமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மறு வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்றார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வரும்போது அப்பா அவரிடம்தான் மெழுகுவர்த்தி வாங்குவார். ஆனால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டார். இதை எதற்குச் சொல்கிறேன் என்று பிறகு தெரியும். காது கேளாத ஒருவர் அந்த நாற்காலியில் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்பதை மட்டும் இப்போது குறித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குக் கிரிக்கெட் பைத்தியம். ஆடியதில்லை, சட்டதிட்டங்களை மனப்பாடமாக அறிந்தவர். ஆண்டுதோறும் காணும் பொங்கலன்று வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் அணிக்கும் எங்கள் நகர அணிக்கும் போட்டி. ஊரே புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு பக்கம் வெள்ளைக்கார அம்பயர், ஒரு பக்கம் நம்மவர். ஏழு ஆண்டுகளாக அந்த நம்மவர் என் அப்பா. அம்மா வெள்ளைக் கோட்டைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். அதை அணிந்துகொண்டு மைதானத்துக்குள் அவர் நடக்கும்போது எனக்கு அவர் ஒரு பிஷப்பைப் போலத் தெரிவார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

வெளியே எங்கு போனாலும் அப்பா என்னையும் அழைத்துப் போவார். பெண்பிள்ளைக்கு உலகம் தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. எப்போதும் வலப்பக்கம்தான் நான் நடக்க வேண்டும். இடப்பக்கம் போனால் தோளைப் பிடித்து மாற்றிவிடுவார். யாராவது வந்து பேசினால், அவர் போன பிறகு என்னிடம் குனிந்து, "அவரு என்ன சொன்னாரு, சொல்லு பார்க்கலாம்?" என்பார். நான் சொல்ல வேண்டும். சொன்னவர் சொன்னபடியே, கூட்டாமல், குறைக்காமல். "ஏறக்குறைய இப்படிச் சொன்னார்" என்று ஆரம்பித்தால் முகம் கடுத்துவிடும். "ஏறக்குறைய வேணாம்மா. தந்தியில ஏறக்குறைய கிடையாது." அது ஒரு பயிற்சி. அந்தப் பயிற்சியால்தான் நான் ஆசிரியை ஆனேன் என்று எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

சரி, போட்டிக்கு வருகிறேன்.

வெள்ளைக்காரர்கள் கடைசியாக ஆடினார்கள். ஆஷ்வெல் ஒருவர்தான் நிலைத்து நின்றார். நெடிய மனிதர், செம்பட்டை மீசை, ஆட்டத்தில் ஓர் அலட்சியம். அவர் இன்னும் அரை மணி நேரம் நின்றால் வெற்றி அவர்களுக்கு. நம்முடைய விக்கெட் கீப்பர் வக்கீல் சௌந்தரராஜன், வாய் ஓயாதவர். பந்து ஒன்று எழும்பி வந்தது. ஆஷ்வெல் பேட்டை நீட்டிவிட்டு, பிறகு இழுத்துக்கொள்ளப் பார்த்தார். ஒரு 'டிக்', பந்து பேட்டில் உரசும் ஓசை. நான் மேற்கே, கூடாரத்தின் அருகில் இருந்தேன், எனக்கே கேட்டது. சௌந்தரராஜன் பந்தைப் பிடித்துக்கொண்டு குதித்தார். பதினோரு பேரும் கத்தினார்கள். மரத்தின்மேல் இருந்தவர்கள் கத்தினார்கள்.

அப்பா தலையை ஆட்டினார். "நாட் அவுட்."

பிறகு சௌந்தரராஜனின் குரல்: "என்ன சார் இது? ஊருக்கே கேட்டுது, உமக்குக் கேக்கலியா?"

அப்பா அசையவில்லை. அப்போதுதான் ஆஷ்வெல் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். தான் அவுட் என்று தனக்கே தெரிந்தால், அம்பயர் என்ன சொன்னாலும் கனவான் நிற்கமாட்டான், நடந்துவிடுவான். காசுக்கு ஆடாதவர்களின் பெருமை அது. உங்கள் நாற்பதாம் பக்கத்துக் கைதட்டல் எல்லாம் அதற்குத்தானே! ஆங்கிலப் பத்திரிகையும் அப்படித்தான் ஒரு பத்தி முழுக்கப் புகழ்ந்தது. கனவான் நடந்துவிட்டால், அங்கே நிற்கிற அம்பயர் என்ன ஆவான் என்று ஒருவரும் எழுதவில்லை. அவர் நிற்காமல் போனதே, 'இந்த ஆள் சொன்னது பொய்' என்று ஊரறியச் சொன்னதாக ஆகிவிடவில்லையா?

அதோடு விட்டாரா? கூடாரத்துக்குப் போகும் வழியில் அப்பாவைக் கடந்து போக வேண்டும். அப்பாவின் இடத்தோளுக்கு அருகில் வந்து ஏதோ சொன்னார். அப்பா திரும்பவே இல்லை. நேரே பார்த்தபடி நின்றார். கோபம், நியாயமான கோபம். ஆஷ்வெல் இரண்டடி போனார். நின்றார். திரும்பி அப்பாவைப் பார்த்தார், விநோதமான ஒன்றைப் பார்ப்பதைப் போல. பிறகு முதுகுப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, வலப்பக்கம் நின்று, மறுபடியும் சொன்னார். இந்த முறை அப்பா சட்டென்று திரும்பினார். அவர் முகம் சுண்ணாம்பைப் போல வெளுத்ததை என் கண்ணால் கண்டேன்.

ஒரு முறை அவமதித்தது போதாமல், சுற்றி வந்து இரண்டாம் முறை அவமதித்த மனிதர், தம்பி, உங்கள் கனவான்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "என்னப்பா சொன்னாரு?"

"மன்னிச்சுக்கங்கன்னாரும்மா. பேட்ல பட்டுடுச்சுன்னாரு. அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. மன்னிப்புக் கேட்டால் எவருக்காவது முகம் வெளுக்குமா?

வெள்ளைக்காரர்கள் தோற்றார்கள். நகர அணி வென்றது. ஆகவே எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று அம்மா நினைத்தாள். வென்றவர்கள்தாம் மறக்கவில்லை. சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். அப்பா என்னையும் அழைத்துப் போனார். நான் அவருடைய வலப்பக்கத்தில், கதவோரமாக நின்றேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சௌந்தரராஜன்தான் குறுக்குக் கேள்வி.

"ஞானம் சார், ஒரே கேள்வி. அந்தச் சத்தம் உமக்குக் கேட்டுதா, கேக்கலியா? கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லிடும். மனுஷன்தானே, விட்டுடறோம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கேள்வியை மெல்லத் திருப்பிச் சொன்னேன், பழக்கம். அவர் மேசைமேல் இருந்த தம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ குதிரைவண்டிக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு நிமிர்ந்து சொன்னார்:

"கேட்டுது."

"கேட்டுதா? அப்புறம் எப்படிய்யா நாட் அவுட்?"

அதற்கு அப்பா பதில் சொல்லவில்லை. எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை.

பாருங்கள், அவரே சொல்லியிருக்கிறார். 'கேட்டது' என்று, மூன்று பேருக்கு முன்னால். ஆகவே கேட்காமல் போயிருக்கலாம் என்று நீங்கள் சற்றுமுன் வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னீர்களே, அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவர் பொய் சொல்லாதவர். பேட்டில் பட்ட ஓசை அல்ல, தரையில் பட்ட ஓசை என்று அவருக்குத் தோன்றியிருக்கும். நேர்மையான தவறு. அதை அவர் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செருக்கு என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரமே ஆஷ்வெல் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. கூடத்தில் இரண்டு நாற்காலிகள். அம்மா விருந்தாளிக்கென்று துடைத்துப் போட்டது இடப்பக்கத்து நாற்காலி. அவர் உட்காரவில்லை. அதைத் தாமே தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் வலப்பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்தவர் வீட்டு நாற்காலியை இடம் மாற்றுகிற அதிகாரம்! என்னை உள்ளே போகச் சொன்னார் அப்பா. அப்படி என்னை அனுப்பியது அதுதான் முதல் தடவை. ஆனால் கதவு எதற்கு? அந்த மனிதருக்கு மெல்லப் பேசவே தெரியவில்லை. அதட்டுவதைப் போல உரக்க, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். "மிஸ்டர் ஞானப்பிரகாசம், நான் இதை ஒருவரிடமும் சொல்லமாட்டேன். என்றைக்கும் சொல்லமாட்டேன்" என்றார் ஆங்கிலத்தில். தெருவில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது, எனக்குத் தெரியும். மைதானத்தில் தான் சொன்ன இழிசொல் வெளியே தெரியாமல் இருக்க எங்கள் வீட்டுக்கே வந்து பேரம் பேசுகிறார் என்று அன்றே புரிந்துகொண்டேன்.

அப்பா அழுதுகொண்டிருந்தார். கதவிடுக்கில் பார்த்தேன். ஆஷ்வெல் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பேரத்துக்குக் கூலி இரண்டு மாதத்தில் வந்தது. தந்தி ஆபீசின் மேலதிகாரியும் ஆஷ்வெல்லும் ஒரே அணியில் ஆடுபவர்கள். பங்குனியில் அப்பாவைக் கருவியிலிருந்து எடுத்து, படிவம் சரிபார்க்கும் மேசையில் போட்டார்கள். சம்பளம் அதேதான், ஓர் அணா கூடவில்லை. ஆனால் அங்கே சவுண்டர் கிடையாது, இரவுப்பணி கிடையாது, சுவரோரமாக ஒரு நாற்காலி. ஊர் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டது. 'விக்கெட் நாற்காலி.'

நான் தண்ணீர் பிடிக்கப் போனால், "தள்ளுங்கடி, விக்கெட் நாக்காலி வீட்டுப் பொண்ணு வருது" என்பார்கள். அம்மா மீன் வாங்கப் போனால், "ஒங்களுக்கென்ன அக்கா, தொர வீட்லேர்ந்தே வந்துருமே" என்பாள் மீன்காரி. "ஞாயித்துக்கெழம ஒரே பெஞ்சில உக்கார்றவங்க, விட்டுக் குடுப்பாங்களா?" என்று ஒருவர் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் சொன்னார். அப்பா திரும்பவில்லை, ஆனால் நான் திரும்பினேன். "அவர் வேறு சபை. எங்கள் கோயிலுக்கு அவர் வருவதே இல்லை" என்றேன். எதற்கும் விவரம் சரியாக இருக்க வேண்டும்.

அந்த நாற்காலியை அப்பா மறுத்திருக்க வேண்டும். அதுதான் என் மனக்குறை. ஆஷ்வெல்மீது எனக்கு இருப்பது கோபம். அப்பாமீது இருப்பது மனக்குறை, இரண்டும் வேறு. பிழையில்லாமல் வாங்குகிற விரல்கள் அவை. அவற்றைப் படிவத்தில் முத்திரை குத்த வைத்துவிட்டு, அவர் நன்றியுள்ளவரைப் போல இருந்தார். இரவில் நன்றாகத் தூங்கவும் ஆரம்பித்தார். அதற்கு முன்பெல்லாம் தூக்கத்தில் விரல்கள் பாயைத் தட்டிக்கொண்டே இருக்கும் என்பாள் அம்மா.

வெள்ளைக் கோட்டை அவரே சங்கத்தில் கொடுத்துவிட்டார். அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்துக் கொடுத்தாள். அதன் பிறகு காணும் பொங்கல் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை சொல்வார்.

ஆஷ்வெல்லும் அதன் பிறகு இங்கே ஆடவில்லை. உங்கள் புத்தகத்தில் அதற்குக் காரணம் இல்லை, நான் சொல்கிறேன். அம்பயரின் சொல்லை மீறி நடந்து அணியைத் தோற்கடித்தார் என்று அவர்களுடைய தலைவர் அவரை விலக்கிவிட்டார். 'நீ ஏன் அந்த அம்பயரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாய், அவன் உனக்கு யார்' என்று கிளப்பிலே கேட்டார்களாம். பதில் சொல்லவில்லையாம். பட்லராக இருந்த சூசை சொன்னது. அந்த வருடமே வேறு ஊருக்கு மாற்றல். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

பிறகு போர் வந்தது. நாடு நம் கைக்கு வந்தது. ஐம்பத்தொன்றில், தூதரக உத்தியோகத்தில் சென்னைக்கு வந்த ஆஷ்வெல் இங்கேயும் வந்தார். கால் விந்தியது, மீசை நரைத்திருந்தது. அதே கூடம், அதே இரண்டு நாற்காலிகள். நான் அப்போது ஆசிரியை. வேண்டுமென்றே இடப்பக்கத்து நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கள்" என்றேன். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, அந்தக் காலோடு, அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் போனார். பதினான்கு ஆண்டு ஆகியும் பிடிவாதம் போகவில்லை. உரத்த குரலும் போகவில்லை. அவர் கேட்ட ஒரே முக்கியமான கேள்வி: "உங்களுக்கு ஓய்வு எப்போது?"

"ஐம்பத்தஞ்சு, மே மாசம்" என்றார் அப்பா.

அவர் தலையாட்டிக்கொண்டார், மனத்தில் எழுதிக்கொள்பவரைப் போல. ஒருவருக்கு எப்போது வேலை முடியும் என்று கேட்பது எவ்வளவு அநாகரிகம்!

காபி ஆறுகிறது, குடியுங்கள்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு மே மாதக் கடைசியில் அப்பா ஓய்வுபெற்றார். ஜூனில் அஞ்சலகத்திலிருந்து சீட்டு வந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்திலிருந்து ஒரு பார்சல், சுங்கவரி கட்டிப் பெற்றுக்கொள்ளவும் என்று. உள்ளே என்ன என்பதும் எழுதியிருந்தது. காதில் வைக்கும் கருவி. சட்டைப்பையில் ஒரு சிறிய பெட்டி, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் காதுக்கு ஒரு பொத்தான். அப்போதெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

என்ன கேட்டீர்கள்? திரும்பச் சொல்லுங்கள்.

ஆமாம், அப்போது அவருக்குக் கேட்பது குறைந்திருந்தது. முதுமை, தம்பி. ஐம்பத்தைந்து வயதில் பலருக்கும் வருவதுதான்.

பெர்னில் இருந்தவருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள்.

நன்றாகக் கேட்கிறீர்கள். ஐம்பத்தொன்றில் வந்தாரே, அப்போது பார்த்திருப்பார். அப்படியானால் ஏன் நான்கு ஆண்டு காத்திருந்தார், ஏன் ஓய்வுபெற்ற மறு மாதமே வந்து சேரும்படி அனுப்பினார் என்று அடுத்துக் கேட்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் கேள்வி கேட்டுப் பிழைத்தவள். அதற்கு என்னிடம் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போக வேண்டும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கருவி வந்த பிறகு நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். அடுத்த தை மாதம், காணும் பொங்கலன்று, "மைதானத்துக்குப் போகலாமா?" என்றார் அப்பா. பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு! வெள்ளைக்காரர் அணி என்பதே அப்போது இல்லை. இரண்டு கல்லூரிப் பையன்களின் அணிகள். எல்லைக்கோட்டுக்கு அருகில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பெட்டியைச் சட்டைப்பையில் சரிசெய்துகொண்டார். ஆட்டம் ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். தூங்குகிறாரே, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோளைத் தொட்டு எழுப்பினேன்.

"தூங்கலைம்மா" என்றார். "பேசாம இரு."

மாலைவரை கண்ணைத் திறக்கவில்லை. மட்டையில் பந்து படும்போதெல்லாம் மடியில் இருந்த விரல் ஒரு முறை அசைந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கருவி வந்த பிறகு, "அவரு என்ன சொன்னாரு, சொல்லு பார்க்கலாம்?" என்று அவர் என்னிடம் கேட்பதே நின்றுவிட்டது. வலப்பக்கம் நடந்தாலும் இடப்பக்கம் நடந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நாள் நானே கேட்டேன், ஏன் இப்போதெல்லாம் கேட்பதில்லை என்று. "நீதான் தேறிட்டியேம்மா" என்றார். முப்பது வயதில் தேறினேன் போலிருக்கிறது. அது எனக்கு ஏன் அப்படி வலித்தது என்று தெரியவில்லை. அன்று வகுப்பில் பிள்ளைகளை வீணாகக் கடிந்துகொண்டேன்.

ஆஷ்வெல் அறுபத்திரண்டில் இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா அறுபத்துநான்கில். இருவரும் ஒருவரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்கள். இப்போது நீங்கள் வந்து, அவர் பாரபட்சக்காரர் அல்லர், அவருக்குக் காது கேட்கவில்லை என்று எழுதினால் அவர் பெயர் சுத்தமாகிவிடும் என்கிறீர்கள். இருக்கலாம். பெயரைக் கெடுத்துக்கொள்ளும் வழியும் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியும் அன்று விசாரணை மேசைக்கு முன்னால் அவருக்கு எதிரே இருந்தன. அவர் 'கேட்டது' என்றார். அவர் சொன்னதை நான் மாற்ற முடியாது. கூட்டாமல், குறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆகவே நீங்கள் நினைப்பதை எழுத வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். இடம் காலியாக இருக்கிறதே என்றால், நடந்ததை எழுதுங்கள், யார் எந்தப் பணத்தைக் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று. அது போதும்.

கருவியின் விலையைக் கட்டியது ஆஷ்வெல், பெர்ன் நகரத்தில், ஐம்பத்தைந்தாம் ஆண்டு மே மாதம். சுங்கவரி அவரால் கட்ட முடியாதது. அது இங்கே கட்ட வேண்டியது. பார்சல் ஒரு மாதம் அஞ்சலகத்திலேயே கிடந்தது. நான் சம்பளக்காரி, நான் கட்டுகிறேன் என்றால் அப்பா கேட்கவில்லை. ஜூலையில், முதல் பென்ஷன் வாங்கிய மறுநாள் காலை, என்னை அழைத்துக்கொண்டு போனார். நல்ல கூட்டம். தெரிந்த முகங்கள். விக்கெட் நாற்காலி என்று சொன்னவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் சீட்டைப் படித்துவிட்டு, நிமிராமல் கேட்டார்: "யாருக்கு சார் காது கேக்காது?"

அப்பா என் பக்கம் குனிந்தார். "என்ன சொல்றாரு?"

வழக்கப்படி நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் காத்திருந்தார். சொன்னேன், ஒரு சொல்லும் பிசகாமல்.

அப்பா நிமிர்ந்தார். கவுன்ட்டர்காரருக்கு மட்டும் கேட்கும்படியாகச் சொல்லியிருக்கலாம். வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"எனக்குத்தான்."

நான் கைப்பையைத் திறந்தேன். "வேணாம்மா, இது நான் கட்ட வேண்டியது" என்று என் கையை மெல்ல விலக்கிவிட்டு, பென்ஷன் பணத்திலிருந்து பதினெட்டு ரூபாயை எடுத்து, கவுன்ட்டர்மேல் வைத்தார்.